நாலாம் பாகம் கனடாவில் இருக்கிறது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
1997 மாசி 18

அன்புக்குரிய மைத்துனர் இரத்தினசிங்கம் அவர்களுக்கு,

முருகன் துணை. நானும் உமது அக்கா பத்மாவதியும் இந்த வரி எழுதும் நிமிடம் வரைக்கும் சுகம். அடுத்த நிமிடத்துக்கு நான் பொறுப்பில்லை. நீரும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டுமென்று ஜிந்துப்பிட்டி முருகனுக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்திருக்கிறோம். அதைச் செய்ய நான் வீட்டுப் படியிறங்க முடியாமல் இருப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

மச்சான், போன கார்த்திகையில் விமானத்தில் வாசிக்க என்று என்னிடம் வாங்கிக்கொண்டு போனீரே நாலாம் பாகம், அதை இந்தக் கடிதத்தை மடித்து வைக்க முன்னரே பதிவுத் தபாலில் அனுப்பிவிடும். என் அடையாள அட்டை பொலிசில் இருக்கிறது. நாலு வந்தால்தான் அட்டை வரும். அட்டை இல்லாமல் சந்திச் சோதனைச் சாவடியைத் தாண்ட ஏலாது, பாணுக்கும் உமது அக்காதான் போகிறா.

பென்சன் எடுத்த நாள் தொடக்கம் நான் நடத்தும் வாசகர் வட்டம் உமக்குத் தெரியும், தொடர் புத்தகங்கள் மட்டும்தான். ஆனால் தொடர் என்றால் எல்லாம் ஒன்றில்லை. அந்தத் துப்பறியும் கதைகள் இருபத்திரண்டும் இடியப்பத் தட்டு மாதிரி, எதை முதலில் எடுத்தாலும் பசி தீரும், கொலைகாரன் அந்தந்தப் புத்தகத்திலேயே பிடிபட்டுவிடுவான். கப்பல்காரக் குடும்பத்தின் கதை அப்படியா? ஏழு பாகமும் ஒரே கதை. இடையில் ஒன்றை விட்டால் தகப்பன் ஆர், மகன் ஆர் என்று தெரியாமல் அந்தரப்பட வேண்டும். அதனால்தான் சட்டம் வைத்தேன்: முந்தின பாகத்தைத் திருப்பித் தந்து, நான் கேட்கும் கேள்விக்குச் சரியான மறுமொழி சொன்னால் அடுத்த பாகம். நானே சட்டத்தை மீறுவதில்லை. ஏழையும் ஒன்றாக வாங்கி, மட்டை உறை போட்டு, முதுகில் இலக்கம் ஒட்டி அடுக்கியவன், இன்னும் மூன்றோடுதான் நிற்கிறேன். வீட்டுக்கார மாக்ரெட் அம்மா இரண்டாம் பாகத்தில் கப்பல் எரிந்ததையே மறந்து பெயிலாகிப்போனா, மூன்று மாதமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உமது அக்காவுக்கோ சட்டமே கிடையாது. எந்தப் பாகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பா. "ஆர் உயிரோடை இருக்கினம் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் எனக்கு வாசிக்க மனம் வரும்" என்பா. முடிவைச் சொல்லவும் தொடங்குவா, நான் காதைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடுவேன். முப்பது வருஷமாக இதே கூத்து.

சரி, போன செவ்வாய்க்கிழமை காலை பொலிஸ் சோதனைக்கு வந்தது. வழமையான சோதனைதான், பதிவுத் துண்டு பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், புத்தகங்களை உதறினார்கள், ஒன்றுமில்லை. அவர்கள் வாசலால் இறங்கப் போன நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் செபஸ்தியன் முந்திக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தார். எங்கள் வட்டத்து ஹெந்தளைச் சிவக்கொழுந்து ரீச்சர்! அவவின் குரல் டெலிபோன் இல்லாமலே இங்கே கேட்கும். "அண்ணை, மூண்டு என்னட்டைப் பத்திரமாக் கிடக்கு. சனிக்கிழமை தெமட்டகொடையிலை ஷரீபிட்டைக் கைமாத்தி விடவோ? நாலு வந்திட்டுதோ?"

ஐயோ மச்சான், இறங்கப் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி உள்ளே வந்தார்கள். பிறகு நான் புத்தகக் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்தார்கள். கச்சேரிக் கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் கோவைகளை இலக்கத்தால் மட்டுமே பதிந்து பழகிய கை, புத்தகத்தின் பெயரை எங்கே எழுதும்? செபஸ்தியன் உரத்து வாசித்தார். "ஒன்று, இரண்டு: என்னிடம். மூன்று: ஹெந்தளை. நாலு: கனடா போய்விட்டது. ஐந்து: தயார், நாலு வராமல் வெளியே விடக் கூடாது." வாசிக்க வாசிக்க எனக்கே என்னில் சந்தேகம் வந்தது.

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஹத்தர கோ?" நாலு எங்கே என்றார். நானும் விசரன், பயத்தில் உண்மையைச் சொன்னேன். "கனடா கியா, சேர்!" போய்விட்டது என்று. புத்தகம், புத்தகம் என்று பிறகு கத்தி என்ன? மாக்ரெட் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மனுசி ஒரு சொல்லில் என்னைக் காப்பாற்றியிருக்கலாம். "இவர் எல்லாருக்கும் குடுக்கிறவர் சேர், எனக்கு மட்டும் மூண்டைத் தரேல்லை. கேள்வி கேட்டு, மறுமொழி சரியெண்டாத்தான் ஆளைச் சேர்க்கிறவர்" என்றா!

பத்து மணி தொடக்கம் நாலரை வரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருந்தேன். கடைசியில், புத்தகம் என்றால் நாலைக் கொண்டுவந்து காட்டு, இரண்டு கிழமை தவணை என்று சொல்லி, அட்டையையும் கொப்பியையும் ஒன்றாம் இரண்டாம் பாகங்களையும் வைத்துக்கொண்டு விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் உமது அக்கா படியில் இருக்கிறா. காலையில் ஊற்றிய தேத்தண்ணி பக்கத்தில் அப்படியே. "இண்டைக்கு முழுக்க எனக்குக் கடைசிப் பக்கம் தெரியேல்லை" என்று சொல்லி அழுதா. ஆறின அந்தத் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன் மச்சான்.

ஆகவே தாமதிக்காதையும். பார்சலின் மேல் "புத்தகம்" என்று பெரிதாக எழுதும். "நாலு" என்று மட்டும் எழுதிவிடாதையும், உமக்குப் புண்ணியமாகப் போகும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்கள் படிப்பிலும் சுகத்திலும் குறைவின்றி இருக்கட்டும்.

இங்ஙனம்,
அடையாள அட்டை இல்லாத உமது அத்தான்,
க. சிவபாதசுந்தரம்

பி.கு.: ஒட்டிய கடிதத்தை உடைத்து எழுதுகிறேன். இப்போதுதான் செபஸ்தியன் சாதாரண உடுப்பில் வந்துவிட்டுப் போகிறார். அட்டை, கொப்பி, இரண்டு பாகங்கள், எல்லாம் கையில். இரண்டையும் வாசித்துவிட்டாராம், இது கதைதான் என்று பெரியவருக்குச் சத்தியம் பண்ணி மீட்டிருக்கிறார். கப்பலை எரித்தது ஆர் என்று கேட்டேன். பட்டென்று சொன்னார். "மூண்டு எப்ப ஐயா வரும்? நாலு இல்லாட்டிப் பிறகு என்ன செய்யிறது?" என்று அவரும் கவலைப்பட்டார். அப்போது உமது அக்கா எழும்பிப் போய் ஏழாம் இலக்கப் புத்தகத்தை எடுத்து உறையைக் கழற்றினா. உள்ளே நாலு! நீர் வெளிக்கிட்ட அன்று உறைகளை மாற்றியிருக்கிறா. "நாலிலை கடைசியிலை கப்பல் தாழுது. பயணம் போற தம்பியிட்டை அதைக் குடுத்துவிட எனக்கு மனம் வரேல்லை. ஏழிலைதான் எல்லாரும் கரை சேருகினம்" என்றா. கனடாவில் என்று நான் சொன்ன நாலு வீட்டிலேயே அகப்பட்டால் பொலிஸ் என்னைப் பொய்யன் என்று திரும்பவும் கொண்டுபோகும் என்று பயந்து ஒரு கிழமை வாயைத் திறக்கவில்லையாம். நாலு என்று நினைத்து ஏழை வாசித்துவிட்டு, "அத்தான், கதை நல்லா இருந்தது" என்று டெலிபோனில் சொன்னீரே, உம்மை என்ன செய்வது? நாலை அனுப்ப வேண்டாம், அது உம்மிடம் இல்லை. ஏழை ஆறுதலாக அனுப்பும். உமது அக்கா அந்த முடிவை முழுதாகச் சொல்லி முடித்தா. நான் காதைப் பொத்தவில்லை.