தேன் பானைக்குப் போட்ட பெல்ட்

ஒரு காட்டில் தார் ரோடு வந்தது. ரோடு வந்தால் சட்டம் வராமல் இருக்குமா? பெரியவர்கள் சீட் பெல்ட் போட வேண்டும், குட்டிகளைப் பின்னால் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து வார் மாட்ட வேண்டும் என்று மரத்துக்கு மரம் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அங்கே மங்களம் என்று ஒரு கரடி. கும்பிடாத சாமி கிடையாது. குட்டி சொக்கனுக்கு மலைமேல் குலசாமி கோயிலில் முதல் முடி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கரடிக்குட்டிக்கு முடியை எதுவரைக்கும் எடுப்பது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான்.

கிளம்புகிற காலையில் மங்களம் குட்டி நாற்காலியைக் காரில் பொருத்தினாள். புருஷன் மாசானம் பதறினான்.

"ஏட்டி, பச்சப்புள்ளைய வாரு போட்டுக் கட்டுவாகளா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"சட்டம்னு போட்டிருக்காகளே..."

"பெத்தவ மடியைவிடப் பத்திரமான எடம் எந்தச் சட்டத்துல இருக்கு?"

அந்தச் சொல்லில் மங்களம் உருகிப்போனாள். சொக்கனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

அபிஷேகத்துக்கு எடுத்த தேன் பானை பின்சீட்டில் ஆடியது. "ஐயய்யோ, சீட்டுத் துணி புதுசு!" என்று மாசானம் ஓடிப்போய்ப் பானையைக் குட்டி நாற்காலியில் வைத்து, வாரை மாட்டி, ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தான். ஈ மொய்க்காமல் இருக்கச் சொக்கனின் குல்லாவைப் பானைமேல் கவிழ்த்தான்.

வழியில் யானைப் போலீஸ் கை காட்டியது. மாசானம் பெல்ட்டை இழுத்து நெஞ்சுமேல் பிடித்துக்கொண்டான். மங்களம் குட்டியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, 'சாமி, மன்னிச்சிரு' என்றாள் மனசுக்குள்.

யானை பின்னால் எட்டிப் பார்த்தது. "புள்ள அசந்து தூங்குதே! இப்படித்தான் கட்டணும். போயிட்டு வாங்க."

அடுத்த வளைவில் முள்ளம்பன்றி ஒன்று குறுக்கே ஓடியது. மாசானம் பிரேக்கை மிதித்தான். மங்களத்தின் கையில் குட்டி இல்லை. சாமி பேர்கூட அவள் வாய்க்கு வரவில்லை. காலடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. சொக்கன் நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீக்கம்.

மாசானம் பின்னால் திரும்பிப் பார்த்தான். "நல்லவேளை! ஒரு சொட்டுச் சிந்தல."

மங்களம் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

கோயிலில் முடி எடுக்கிற குரங்கு கத்தியை மடக்கிவிட்டது. "இந்த வீக்கத்துல கத்தி வைக்க முடியாதுக்கா. வத்துனப்புறம் வாங்க."

தேன் சாமிக்குப் போனது. பதிலுக்கு ஒரு செம்பு பஞ்சாமிர்தம் கிடைத்தது. மாசானம் செம்போடு குட்டி நாற்காலிப் பக்கம் போனான். அங்கே கண் மறையக் குல்லா போட்டுக்கொண்டு சொக்கன் உட்கார்ந்திருந்தான்.

"ஏல, எந்திரி. பிரசாதம் சிந்திரும்."

"நான் சொக்கன் இல்லப்பா, தேன் பானை. கவுந்தா சீட்டெல்லாம் ஒட்டும்."

மாசானம் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாரை மாட்டினான். ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தான்.

"அப்போ பஞ்சாமிர்தம்?"

"நீங்க மடியில வச்சுக்கிட்டு வாங்க. அதைவிடப் பத்திரமான எடம் ஏது?" என்று சாவியை வாங்கிய மங்களம், தன் பெல்ட்டை மாட்டினாள். வீடு வரைக்கும் வளைவுக்கு வளைவு கொஞ்சம் அழுத்தித்தான் பிரேக் போட்டாள்.

நீதி: குழந்தைகளே, காரில் பத்திரமாகப் போய்வர வேண்டுமானால், சிந்தினால் கறைபடுகிற பொருளாகப் பிறந்துவிடுங்கள்.