நூற்று நாற்பது கலந்தரும் காத்தாயியின் பசுவும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒப்பிடுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்து வீட்டு மாப்பிள்ளையோடு தன் வீட்டு மாப்பிள்ளையை ஒப்பிடுகிறவர், மேலத்தெருக் குறுவையோடு கீழத்தெருக் குறுவையை ஒப்பிடுகிறவர், போன ஆட்சியில் ரோட்டில் விழுந்த குழியையும் இந்த ஆட்சியில் விழுந்த குழியையும் ஒப்பிட்டு, ஆழத்தில் போன ஆட்சிதான் மேல் என்று தீர்ப்புச் சொல்கிறவர் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஓவர்டேக் செய்துவிட்டுப் போகிற இனம் ஒன்று உண்டு. எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், எந்த ஆற்றுக்கு அக்கரையில், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் சொல்லித் தருகிற இனம். இவர்தான் வேக ஒப்பீட்டாளர். எதிரில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

திருக்காட்டுப்பள்ளிக் கலந்தர் பாயைச் சொன்னால் உங்களுக்கு விளங்கிவிடும். அபுதாபியில் ஒரு கம்பெனி மேனேஜருக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவர். அங்கிருந்து மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், செண்டு கொண்டுவந்தார்கள். கலந்தர் பாய் எண்கள் கொண்டுவந்தார். அபுதாபி ரோட்டில் நூற்று நாற்பது என்று எழுதியிருந்தால் நூற்று நாற்பதுதான், நூற்று நாற்பத்தொன்றில் கேமரா படம் பிடித்துவிடும். துபாய் எல்லைக்குள் போய்விட்டால் போர்டுக்கு மேல் இருபது வரை கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். இதை ஊரில் ஆறு வயதுப் பிள்ளையும் ஒப்பிக்கும். டீக்கடையில் யாராவது வானத்தைப் பார்த்து இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறதே என்று சொல்லிவிட்டால் போதும். பிரான்ஸில் மழை பெய்தால் நூற்று முப்பது நூற்றுப்பத்தாகிவிடும் என்பார். நாற்று அழுகுமா என்று கவலைப்படுகிறவனுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

அவருடைய சொந்த வண்டி? பழைய மாருதி. அறுபதைத் தாண்டினால் அழும்.

அதில் ஏறுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். வேகப் பலகை எதைக் கண்டாலும் பாய் ஓரமாக நிறுத்துவார், உரக்கப் படிப்பார், இதே அகல ரோட்டுக்கு ஓமானில் என்ன எண், கேரளாவில் என்ன எண் என்று விளக்குவார், பெருமூச்சு விடுவார், பிறகுதான் கியர் போடுவார். ஒரு முறை ஒரத்தநாட்டில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்ட அவர் மனைவி ரசியா பேகம், நாலாவது பலகையில் இறங்கி டவுன் பஸ் ஏறிப் போய், பிரியாணி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பாய் வாசலில் ஹாரன் அடித்தார்.

இப்படிப்பட்டவர் ஊருக்குள் நாலுவழிச் சாலை வருகிறது என்றால் பைத்தியம் ஆகமாட்டாரா? ஆனார்.

வயலுக்கு நடுவே அளவுக் கல் நட்டுவிட்டார்கள். ஊர் கொதித்தது. ஆளும் கழகம் சாலைதான் வளர்ச்சி என்றது. எதிர்க்கட்சிக் கழகம் சோறு போடும் மண்ணைத் தொடாதே என்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாற்காலி மாறியிருந்தபோது இதே வசனங்களை அவர்கள் மாற்றிப் பேசியிருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் அமிர்தலிங்கம் மேடையில், பக்கத்தில் சாலை இன்ஜினீயர், கீழே கறுப்புக் கொடிகளோடு முந்நூறு பேர். எல்லாரும் நிலம் போகிறதே என்று பேசி முடித்ததும் கலந்தர் பாய் மைக்கைப் பிடித்தார். இந்தச் சாலைக்கு வேக வரம்பு எவ்வளவு என்று கேட்டார். நூறு என்றார் இன்ஜினீயர்.

பாய்க்கு மனம் ஒடிந்துவிட்டது. இவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டு வெறும் நூறா? குவைத்தைப் பாருங்கள், கத்தாரைப் பாருங்கள் என்று இருபது நிமிஷம் பாலைவனம் பாலைவனமாக அழைத்துப் போனார். குறைந்தது நூற்றிருபதாவது வேண்டும் என்று முடித்தார். கூட்டம் ஊளையிட்டது. தாசில்தார் தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் பின்வரிசையில் காத்தாயி எழுந்தாள். அவளுடைய மாமனார் ஒரு பண்ணையில் கூலியாளாக இருந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், அவள் பேரில் பட்டாவாக இருக்கிறது. புதுச்சாலை அதை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், மிச்ச நிலம் மறுபக்கம்.

"பாய், கார் நூத்திருவதுல போவுது, சரி. நான் மாட்ட ஓட்டிக்கிட்டுக் குறுக்க போவணும். நான் எத்தனையில போறதுங்க?"

கலந்தர் பாய் வாயைத் திறந்தார். உலகத்தில் அவரிடம் இல்லாத எண் ஒன்று இருக்கிறது என்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் ஒரு கயிற்றுச் சுருளோடு காத்தாயியின் வயலில் போய் நின்றார். சாலையின் அகலம் நாற்பத்தைந்து மீட்டர் என்று கேட்டு வைத்திருந்தார். அந்த நீளத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டி, செல்போனில் விநாடி ஓடவிட்டு, மாட்டை ஓட்டச் சொன்னார். மாடு பாதியில் நின்று அருகம்புல்லை மேய்ந்தது. இரண்டு நிமிஷம் ஓடிவிட்டது. இது ரோடு என்று மாட்டுக்குச் சொல்லக்கூடாதா என்று பாய் கேட்க, அதற்குப் படிக்கத் தெரியாது என்றாள் காத்தாயி. ஒன்பது தடவை ஓட்டினார்கள். வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. மாடு ஒழுங்காக நடந்தால் நாற்பத்தைந்து விநாடி.

கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பாய் கணக்குப் போட்டார். நூற்றில் வருகிற கார் நாற்பத்தைந்து விநாடியில் ஒன்றேகால் கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது மாடு ரோட்டில் கால் வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கிற கார், மாடு அக்கரை சேருவதற்குள் வந்து நிற்கும். நிற்குமா? நூற்று நாற்பது என்றால் ஒன்றே முக்கால். இருபத்திரண்டு வருஷம் சர்க்கரை மாதிரி நாக்கில் வைத்துக்கொண்டிருந்த எண் அவருக்கு முதல் முறையாகக் கசந்தது. காத்தாயியையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இதைச் சொல்லாமல் நான் விடமாட்டேன் அக்கா என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தில் பாய் பேச எழுந்ததும் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவர் நாலே நிமிஷம் பேசினார். மாட்டின் வேகம், காரின் வேகம், நடுவில் காத்தாயி. வேறு நாடே கிடையாது. கிளம்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். பாய் எழுதினார், தொண்ணூற்றெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து வந்த புது வரைபடத்தில், காத்தாயியின் வயலோரம் சாலைக்கு அடியில் சின்னக் கட்டம் ஒன்று இருந்தது: ஆளும் மாடும் போக அடிப்பாதை. நிலத்தில் ஒன்றரை மா போனது போனதுதான். அதற்கான நஷ்டஈட்டுக்காக அவள் இன்னும் தாசில்தார் ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சந்தேகம் கேட்டாள்.

"இதுக்குள்ள நான் எத்தனையில போவலாம் பாய்?"

"உங்களுக்கு வரம்பே இல்லக்கா. ஜெர்மனி மாதிரி."

அவள் சிரித்தாள். ஜெர்மனியில் சில சாலைகளுக்கு வரம்பே கிடையாது என்று பாய் விளக்க ஆரம்பித்ததும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

இவ்வளவு நேரம் நீங்களும் நன்றாகத்தான் சிரித்தீர்கள். போகட்டும். போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து உங்கள் மச்சான் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினாரே, குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டது யார்? அவர் ஆறு மணி நேரம் என்றதும், "நான் அஞ்சே காலுல வந்துட்டேன், திண்டிவனத்துல டீ குடிச்சும்" என்று சொன்னது யார்?