தலை நிமிர்ந்த வண்டி

நார்வல் பிரெக்கி பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, தன் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே டேப்பைப் பிடித்து அளந்தான். எழுந்து போய்ப் பின்சக்கரத்தை அளந்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் முன்னால் வந்தான்.

"ரெண்டரை இஞ்ச். மூக்கு ரெண்டரை இஞ்ச் தாழ்ந்திருக்கு, லவான்."

அவன் மனைவி லவான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பார்த்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

"வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான் இருக்கு. சூப் ஆறுது, வா."

"வாங்கின நாள்லேர்ந்து யாரும் சொல்லலையே."

சொன்னவன் டெல்மர் ஹாகன். ஹால்வர் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்குப் பதினாலு வருஷமாக அவன்தான் தலைவன். அன்று காலை காப்பிக் கடை வாசலில், படையின் சிவப்பு வண்டியில் சாய்ந்து நின்றபடி சொன்னான்: "உன் வண்டி என்ன நார்வல், யார்கிட்டயோ மன்னிப்பு கேக்குற மாதிரி தலையக் குனிஞ்சு நிக்குது? இந்த வண்டிய வச்சுக்கிட்டா சீஃப் ஆகப் போற?"

மூன்று வாரத்தில் தேர்தல். அந்த வருஷம்தான் முதல் தடவையாக டெல்மரை எதிர்த்து ஒருவன் நிற்கிறான். அது நார்வல்.

பதவி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷம் படையில் இரண்டாவது குழாயைப் பிடித்தவன் அவன். போன அக்டோபரில் ஒரு வைக்கோல் கொட்டகை எரிந்தபோது, "காத்து மாறப்போகுது, வண்டிய தெக்கால நிறுத்துங்க" என்று மூன்று முறை சொன்னான். ஒரு தலையும் திரும்பவில்லை. நாலாவது நிமிஷம் காற்று மாறியது. தண்ணீர் வண்டியின் பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்தது. தன் பேச்சை ஊர் ஒரு தடவையாவது கேட்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதற்குத் தலைவனாக வேண்டும். தலைவன் வண்டி தலை குனியலாமா?

மெக்கானிக் ரெனே டோலஃப்ஸன் வண்டிக்கு அடியிலிருந்து சறுக்கி வெளியே வந்தாள்.

"கம்பெனிக்காரன் வேணும்னுதான் பின்பக்கத்தத் தூக்கி வச்சிருக்கான், நார்வல். பாரம் ஏத்தினா பின்னால அமுங்கும். அப்போ வண்டி சமமா நிக்கும்."

"தேர்தல் வரைக்கும் பாரம் ஏத்தற வேலை இல்லை. இப்பவே சமமா நிக்கணும்."

"அப்போ லெவல் கிட் போதும். முன்னால ஸ்பிரிங்குக்கு மேல இந்த இரும்பு வளையத்த வச்சா ரெண்டரை இஞ்ச் ஏறும். லிஃப்ட் கிட்னா நாலு பக்கமும் ஆறு இஞ்ச் ஏறும். அது உனக்கு எதுக்கு?" கையைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. மூக்கு ஏறினா விளக்கும் ஏறும். வெள்ளிக்கிழமை வா, தாழ்த்தித் தர்றேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து. நூற்றுப்பத்து ஓட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது எவன் மெக்கானிக்கிடம் போவான்?

ஜனவரியில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். விருந்திலிருந்து திரும்பும்போது எதிரே வந்த கார் முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டியது. அடுத்த கார் மூன்று முறை.

"பாத்தியா?" என்றான் நார்வல்.

"பாத்தேன்," என்றாள் லவான். "கண் கூசுதுன்னு சொல்றாங்க."

"கண்ணும் இல்ல, கூச்சமும் இல்ல. பகல்ல எதிர வர்றவங்க ஸ்டியரிங்லேர்ந்து ரெண்டு விரலத் தூக்கி வணக்கம் சொல்றாங்கல்ல? இருட்டுல விரல் தெரியுமா? அதான் விளக்கால சொல்றாங்க. ஆதரவு, லவான், ஆதரவு."

அவனும் பதில் மரியாதையாகப் பெரிய விளக்கை முழுசாகப் போட்டு மூன்று முறை சிமிட்டினான். எதிரே வந்த கார் தெரு ஓரத்துப் பனிக்குவியலில் மெல்ல ஏறி நின்றது.

"வழி விடறாங்க பாரு," என்றான்.

மறுநாள் காப்பிக் கடையில் ஒருவரும் விளக்கைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஹால்வர்க்காரர்கள் அப்படி. முகத்துக்கு நேரே குறை சொல்வது அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு இல்ல?" என்பார்கள். அந்த ஊரில் மிகக் கொடிய வசை, "வித்தியாசமா இருக்கே" என்பது. அன்று ஆறு பேர் நார்வலிடம் அவன் வண்டி வித்தியாசமாக இருப்பதாகச் சொன்னார்கள். மற்ற நாளாக இருந்தால் அவனுக்கும் புரிந்திருக்கும். ஓட்டுக் கேட்கிறவன் காது வேறு மாதிரி வேலை செய்கிறது.

உற்சாகத்தில், தலைவனாகப் போகிறவன் எந்நேரமும் தயாராக இருப்பதை ஊர் பார்க்கட்டும் என்று, இருநூறு காலன் தொட்டி ஒன்றை வண்டியின் பின்னால் ஏற்றித் தண்ணீர் நிரப்பினான். ரெனே சொன்னது போலவே பின்பக்கம் அமுங்கியது. முன்பக்கம்தான் ஏற்கெனவே ஏறியாகிவிட்டதே. மூக்கு வானத்தைப் பார்த்தது.

டெல்மர் சிவப்பு வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். "போன வாரம் மன்னிப்பு கேட்டுது. இந்த வாரம் நட்சத்திரம் எண்ணுதா?"

நார்வல் நேரே ரெனேயிடம் போனான்.

"தொட்டிய இறக்கிடு," என்றாள் அவள்.

"இறக்கினா டெல்மர் சொன்னதுக்காக இறக்கினேன்னு ஆயிடும்."

"பின்னால கூடுதலா ஒரு ஸ்பிரிங் போட்டுத் தர்றேன்."

"வேணாம். அந்த ஆறு இஞ்ச் லிஃப்ட் கிட்டையே போடு. டயரையும் பெருசாப் போடு."

ரெனே அலமாரியிலிருந்து அந்தக் கிட்டை எடுத்தாள். அவளும் ஹால்வர்க்காரிதானே. "அதுவும் ஒரு வழிதான்," என்றாள்.

புது உயரத்தோடு வண்டி வீட்டுக்கு வந்தது. ஷெட்டுக்குள் நுழையவில்லை. வெளியே நின்றால் அந்தக் குளிரில் எஞ்சின் உறைந்துவிடும். ராத்திரி முழுக்க மின்சார வயரைச் செருகி அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். வயர் எட்டவில்லை. இன்னொரு வயர் வாங்கி, சமையலறை ஜன்னல் வழியாக இழுத்தான். ஜன்னல் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிய லவான், இருக்கைக்கும் தனக்கும் இடையே இருந்த உயரத்தைத் தலை தூக்கிப் பார்த்தாள்.

"நான் ஏணி வச்சு ஏறின கடைசி இடம் நம்ம வீட்டுக் கூரை, நார்வல். அப்பகூட பேன்ட்தான் போட்டிருந்தேன்."

அவன் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். ஏறிவிட்டாள். கீழே நிற்கும் முக்காலியை யார் எடுப்பது? அதன் காலில் ஒரு கயிற்றைக் கட்டி, ஏறிய பிறகு கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தான். சர்ச் வாசலில் முக்காலி முதலில் இறங்கியது. பிறகு லவான் இறங்கினாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி, வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது அவன் முன்விளக்கு, எதிரே வரும் கார்க்காரரின் கண்ணுக்குச் சரியாக நேரே இருந்தது. ஊரே சிமிட்டியது. பள்ளிக்கூட பஸ் சிமிட்டியது. பனி தள்ளும் வண்டி சிமிட்டியது. எண்பது வயது ஐனெஸ் வால் அம்மாள், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், காரை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"அழறாங்க, பாவம்," என்றான் நார்வல், நெகிழ்ந்துபோய்.

"நார்வல், நான் சொல்றதக் கேளு. அந்த விளக்க..."

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன். இத்தனை பேருக்கு இந்த ரெண்டு விளக்கால பதில் சொன்னாப் பத்தாது."

அடுத்த நாள் கூரைமேல் நாலடி நீளத்தில் ஒரு விளக்குப் பட்டை வந்து உட்கார்ந்தது. அதைப் போட்டால் மூன்று மைல் தள்ளியிருந்த மாட்டுப் பண்ணையில் சேவல் கூவியதாகச் சொன்னார்கள். லவான் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

தேர்தல் நாள் வந்தது. தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். காப்பி, எலுமிச்சை கேக் துண்டுகள், ஓட்டுப் போட ஒரு அட்டைப் பெட்டி. ஊர் வரலாற்றில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. நடக்க முடியாதவர்களைக்கூடக் கூட்டி வந்திருந்தார்கள்.

நார்வல் பின்வரிசையில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கினான்.

"தோத்துட்டா என்ன பண்ணுவ?" என்று லவான் மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டாவது குழாயப் புடிப்பேன்." தொப்பியின் கசங்கலை நீவிவிட்டு, "ஆனா காத்து மாறினா இனிமே சொல்ல மாட்டேன்," என்றான்.

லவான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டுகளை எண்ணியது ரெனே. எண்ணி முடித்து, இன்னொரு தடவை எண்ணினாள்.

"டெல்மர் ஹாகன், ஒண்ணு. நார்வல் பிரெக்கி, நூத்து நாப்பத்தி மூணு."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சத்தமாக எதையும் செய்யாத ஹால்வர் ஊர், காலால் தரையை வேறு தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டெல்மர் முன்னால் வந்து, சிவப்பு வண்டியின் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"அந்த ஒரு ஓட்டு என் பொண்டாட்டியோடது," என்றான் காதோரம். "என் ஓட்டு உனக்குத்தான்."

நார்வல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "காத்து அடிக்கிற நாள்ல தண்ணி வண்டிய எங்க நிறுத்தணும்ங்கறதப் பத்தி முதல்ல பேசலாம்," என்றான். வந்திருந்த அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். ரெனே குறிப்புகூட எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு உயரமாக நின்றதில்லை. அதுவும் வெறும் சிமெண்ட் தரையில்.

கூட்டம் கலைந்தபோது ஐனெஸ் அம்மாள் கோலை ஊன்றி வந்து, அவன் கன்னத்தில் தட்டினார்.

"ரொம்ப சந்தோஷம், நார்வல். சீஃப் கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் அந்தச் செவப்பு வண்டியிலதான் போகணும்னு விதி இருக்காமே, டெல்மர் வீடு வீடா வந்து படிச்சுக் காட்டினான்; இனிமே உன் வண்டிக்கும் ஓய்வு, எங்க கண்ணுக்கும் ஓய்வு."