சொல்லாமல் விட்ட சாவு

அன்றைக்கும் பொழுது சாய்ந்து அடுப்புப் பற்றவில்லை.

காளிச்சாமி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். இரும்படுப்பு சில்லிட்டுக் கிடந்தது. வெளியே மலை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிருக்கு ஒரு வாய் சுடுசோறு கிடைத்தால் போன உயிர் திரும்பி வரும். ஆனால் சாப்பாட்டு மேசைமேல் என்ன இருந்தது? அறுத்த ரொட்டி, வெண்ணெய், மூக்கைப் பிடிக்க வைக்கும் பாலாடைக்கட்டி, காடியில் ஊறிய வெள்ளரிக்காய். நடுவிலே புதிதாக ஒன்று. பச்சைத் தழையும் வெள்ளைப் பூவும் வைத்துக் கட்டிய வளையம். அதற்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

அவன் கிட்டே போய் அந்த வளையத்தைக் குனிந்து பார்த்தான். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்துவிட்டது.

ராத்திரியில் அடுப்பு எரியாத வீடு எந்த வீடு? மலர்வளையத்தை எதன்மேல் வைப்பார்கள்? அவன் ஊர் வடகரப்பதியில் மூக்கு ஒழுகுகிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. யாரோ போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டால்கூட மறந்துவிட்டார்கள் என்று போகலாம். சாவைச் சொல்லாமல் விட்டால், நீ எங்களுக்கு யாருமே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி. அவன் பெரியப்பன் வீட்டில் அப்படித்தான் ஒரு சாவுக்கு ஆள் விட மறந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்த வாசலை அப்பா நஞ்சப்பன் மிதிப்பதில்லை.

இத்தனைக்கும் அவன் வந்த அன்றே வீட்டுக்காரர் கெல்லர் துரை அவன் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னார்: "தம்பி. இது உன் வீடு. நீ எங்க மகன்."

மகனாம்!

கெல்லர் துரை சுவிட்சர்லாந்துக்காரர். மலைமேல் இருந்த சீமை மாட்டுப் பண்ணைக்கு மாட்டு டாக்டராக வந்தவர். வீட்டுக்குள் ஜெர்மன் பாஷைதான். மனைவி மார்த்தா, மகள் எல்ஸ்பெத். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வடகரப்பதியிலிருந்து காளிச்சாமி இந்த வீட்டில் வந்து தங்கிப் பழகவேண்டியது. அடுத்த லீவுக்கு எல்ஸ்பெத் அவன் வீட்டில் வந்து தங்கவேண்டியது. பையன் பத்திரமாக மலை ஏறவேண்டும் என்று அம்மா சரஸ்வதியம்மாள் பழனிக்கு நேர்ந்துகொண்டாள். ஆகவே மொட்டைத் தலையோடுதான் அவன் வந்து இறங்கினான்.

இறங்கினபோது வீடு கலகலவென்றுதான் இருந்தது. எல்ஸ்பெத் மடியில் ஒரு துருத்திப் பெட்டியை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். மார்த்தாம்மா ஓடிவந்து கையைக் குலுக்கி, மொட்டைத் தலையைத் தடவி, "ஹவ் இஸ் யுவர் ஃபாதர்?" என்று கேட்டாள். காளிச்சாமிக்கு இங்கிலீஷ் புரிந்தது, வாய்க்கு வரவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வானத்தைக் காட்டி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான். எல்லாம் அந்தப் பழனியாண்டவன் புண்ணியம் என்று அர்த்தம். அந்தம்மாவும் மேலே பார்த்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அட, நம்ம சாமிக்கு இதுவும் கும்பிடுதே என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்கு அப்புறம்தான் எல்லாம் மாறிற்று. இப்போது யோசித்தால் பளிச்சென்று தெரிகிறது. துருத்திப் பெட்டி அன்றைக்கே பீரோவுக்குள் போயிற்று. அவன் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். துரை சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார். மார்த்தாம்மா ராவெல்லாம் உட்கார்ந்து அவனுக்கும் ஒரு கறுப்புக் கம்பளிக் குல்லா பின்னிக் கொடுத்தாள். மொட்டைத் தலைக்குக் குளிருமே என்றுதான் கொடுத்தாள் என்று நினைத்து, இந்த மடையனும் பல்லை இளித்துக்கொண்டு மாட்டிக்கொண்டு திரிந்தான்!

இவர்கள் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்திருக்கிறது. அவன் வந்து இறங்கிய அன்றே வந்திருக்கிறது. தாத்தாவோ, பாட்டியோ, யார் கண்டது?

மற்றபடி அந்த வீட்டுக்கு என்ன குறை? சும்மா சொல்லக்கூடாது. எழுந்தவுடன் எல்லோரும் எல்லோருக்கும் கை குலுக்குவார்கள். நேற்று ராத்திரிதானே பார்த்தோம், அதற்குள் என்ன குலுக்கல் என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவே பிடித்துப்போயிற்று. நடுங்குகிற குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து, இறகு திணித்த மெத்தையை வெளியே தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். துரை தானே பால் கறப்பார், அவனுக்கும் சொல்லித்தருவார். அவனுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. அதனால்தான் இந்தக் கோபம். பிடிக்காதவர்கள் சாவைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

மறுநாள் விடியக்காலையில் அவன் சமையல்காரர் சூசையப்பனைப் பிடித்தான். சூசையப்பன் எஸ்டேட் ஆள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

"சூசையண்ணா, இந்த ஊட்டுத் துக்கம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

சூசையப்பன் முட்டை உடைப்பதை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. "ஏலே தம்பி, அதப் பத்தி உங்கிட்ட ஒரு வார்த்த பேசப்படாதுன்னு தொர கண்டிச்சுச் சொல்லியிருக்காவ."

"எங்கிட்டயா? எங்கிட்ட மட்டுமா?"

"உங்கிட்டத்தாம்லே. மத்தவங்க நாங்க பேசிக்கிடுதோம்."

காளிச்சாமிக்குக் காது இரண்டும் ஜிவ்வென்று சூடேறிற்று. தோட்டக்காரனுக்குத் தெரியலாம், மாடு மேய்க்கிற சோலைக்குத் தெரியலாம், மகனுக்குத் தெரியக்கூடாது! அன்று முட்டையும் தொடவில்லை, ரொட்டியும் தொடவில்லை. உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு நானும் பட்டினி, இப்போதாவது புரியட்டும் என்று வீறாப்பாக உட்கார்ந்திருந்தான். புரிந்ததா? மார்த்தாம்மா அவன் தட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், முன்றானை இல்லாததால் மேசைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துரை வந்து தலையைத் தடவினார். சொன்னாரா? அதுதான் இல்லை.

"எத்தனை அழுத்தம் பாரு," என்று காளிச்சாமி பல்லைக் கடித்தான்.

சரி, அவர்கள் முறை தவறினாலும் நாம் தவறக்கூடாது. அடுப்பெரியாத வீட்டுக்கு உறவுக்காரர்கள்தானே சோறாக்கிப் போடவேண்டும்? இந்த மலையில் இவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அன்று சாயங்காலம் சூசையப்பன் கோழி அடைக்கப் போன நேரம் பார்த்து அவன் சமையலறைக்குள் புகுந்தான். அம்மா கட்டிக்கொடுத்த அரிசியையும் கொள்ளுப் பருப்பையும் மிளகாய்ப் பொடியையும் வெளியே எடுத்தான். அடுப்பை மூட்டினான். புகைபோக்கியைத் திறக்கவேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? வீடு முழுக்கப் புகை. எல்ஸ்பெத் இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். துரை வாளித் தண்ணீரோடு உள்ளே ஓடிவந்தார்.

புகைக்கு நடுவே காளிச்சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நின்றான். பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

"உக்காருங்க எல்லாரும்! துக்க ஊட்டுல அடுப்பு எரியாது. அதனால நான் ஆக்கினேன். மகன்னு சொன்னீங்கல்ல? மகன்கிட்டத் துக்கத்தை இப்படி மூடி மூடி வெக்கலாமுங்களா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான்.

துரைக்கு மகன், துக்கம் என்கிற இரண்டு வார்த்தை புரிந்திருக்கவேண்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தார்.

"அழு, தம்பி," என்றார். "அழு. நல்லது."

அப்புறம் மூவரும் வரிசையாக உட்கார்ந்து, கொள்ளுக் கடைசலையும் சோற்றையும் கோயில் பிரசாதம் மாதிரி தலைகுனிந்து சாப்பிட்டார்கள். மிளகாய்க் காரத்தில் துரையின் மூக்கு செவசெவவென்று ஆயிற்று. எல்ஸ்பெத் எரிகிற காதைப் பொத்திக்கொண்டாள். மார்த்தாம்மாவுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மெழுகுவத்தியை ஏற்றி, சூசையப்பனையும் கூப்பிட்டு, மண்டிபோட்டு ஜெபமாலை சொன்னார்கள்.

எழவுச் சோற்றை வாங்கிச் சாப்பிடத் தெரிகிறது, எழவைச் சொல்லத் தெரியவில்லையா! காளிச்சாமிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பார்த்துத்தான் குப்பண்ணன் வந்து சேர்ந்தார். அம்மாவுக்குத் தம்பி, அவனுக்கு மாமன். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு. பண்ணையில் காளைக்கன்று ஏலம் என்று கேள்விப்பட்டு லாரி ஏறி வந்திருந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காளிச்சாமி அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

குப்பண்ணன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். "சாவு உளுந்த ஊட்டுல உன்னைய வெச்சுக்கிட்டு, உனக்கே சொல்லலியா?"

"சொல்லலீங் மாமா."

"சமையக்காரனுக்குச் சொல்லியிருக்குது?"

"ஆமாங் மாமா."

"என்ன திமிரு! இந்தச் சாதிசனத்தோட நமக்கென்னடா ஒறவு? அந்தப் புள்ளைய நம்மூட்டுல கொண்டாந்து வெச்சு, கறியும் சோறும் ஆக்கிப் போடறதாமா? ஒண்ணும் வேண்டாம். உங்கப்பனைக் கூட்டியாறேன். மொறையா எழவு கேப்போம். கேட்டுப்போட்டு, நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுப்போட்டு, கையோட உன்னைய வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருவோம்."

காளிச்சாமி மாமன் கையைப் பிடித்து இழுத்தான். போகவேண்டும் என்று அவன் சொல்லவில்லையே. அவர்கள் சாவைச் சொல்லவேண்டும் என்றுதானே சொன்னான்? ஆனால் குப்பண்ணனுக்குக் கோபம் வந்த பிறகு யார் நிறுத்துவது? காளைக்கன்றைக்கூடப் பார்க்காமல் அவர் வந்த லாரியிலேயே திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வேன் வந்தது. உள்ளே அப்பா, அம்மா, குப்பண்ணன், இரண்டு அத்தைகள், ஒரு மூட்டை அரிசி, கோடித்துணி. கேட்டைத் திறந்ததும் திறக்காததுமாக அத்தைகள் இரண்டு பேரும் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, "போயிட்டீங்களே மகராசா!" என்று ஆரம்பித்தார்கள். போனது மகராசனா மகராசியா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் குரலில் ஒரு குறை வைக்கவில்லை. பண்ணை மாடுகள் எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன.

வீட்டுக்குள்ளிருந்து மூவரும் கறுப்பு உடுப்போடு ஓடிவந்தார்கள்.

மார்த்தாம்மா சரஸ்வதியம்மாளைப் பார்த்தாள். பார்த்தவுடன் தாவிக் கட்டிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். சண்டைக்கென்று வரிந்துகட்டிக்கொண்டு வந்த சரஸ்வதியம்மாளுக்கும் மனசு இளகிவிட்டது. "அழுவாதம்மிணி, அழுவாத. எல்லாரும் போற வழிதானே," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தம்மா தன் கறுப்புச் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு இன்னும் பலமாக அழுதாள்.

நஞ்சப்பன் இளகுகிற ஆள் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு துரைக்கு எதிரே போய் நின்றார்.

"ஏனுங்க தொரை, நீங்க படிச்சவங்க. எங்களுக்குப் படிப்பில்ல. ஆனா எங்கூட்டுல நாய் செத்தாக்கூட அடுத்தூட்டுக்குச் சொல்லிப்போட்டுத்தான் பொதைப்போம். என்ற பையனை மகன்னு சொல்லி வெச்சுக்கிட்டு, எழவைச் சொல்லாம மறைச்சீங்களே, அவன் என்ன கூலிக்கு வந்தவனா? ஞாயமுங்களா இது?"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டு வந்த கூட்டத்தில் வயசான ஆள், முறைக்காரராக இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். எல்ஸ்பெத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவள் உள்ளே ஓடிப்போய் மேசைமேல் இருந்த மலர்வளையத்தைக் கொண்டுவந்தாள். துரை அதை வாங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு நஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

நஞ்சப்பன் வாங்கிக்கொண்டார். துக்க வீட்டில் கொடுத்ததை வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற சூசையப்பனிடம் சத்தம் போட்டார்.

"நீங்க தமிழாளுதானுங்களே? நீங்களாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க. இத எந்தக் குழியில கொண்டுபோயி வெக்கோணும்? ஆரு செத்தது?"

சூசையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தம்பிக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா?"

"என்னங்க பேச்சு இது? நாந்தான் இவனைப் பெத்த அப்பன்! வடகரப்பதி நஞ்சப்பன்!"

அத்தைகளின் ஒப்பாரிகூட நின்றுவிட்டது. சூசையப்பன் காளிச்சாமியின் மொட்டைத் தலையைப் பார்த்தார். நஞ்சப்பனின் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐயா, மொட்டத் தலையோட வந்த பிள்ள, அப்பா எப்படியிருக்காவன்னு தொரையம்மா கேட்டதுக்கு வானத்தக் காட்டிட்டான், அந்த வளையம் உங்களுக்குக் கட்டுனதுதாம்யா!"