உலகம்மை தர்ம ஸ்தாபனத்தை மூடிவிடுவது பற்றி

தென்காசி,
12-7-1954

சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு, அத்தான் முத்துக்குமாரசாமி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் வீட்டுக் கிணறும் சுகம். வேறு யாரும் இல்லாததால் வேறு யார் சுகத்தையும் எழுத வழியில்லை. கொழும்பில் நீயும் உன் வீட்டாரும் கடையும் கடைச் சிப்பந்திகளும் சுகமாயிருக்க அம்மன் துணை நிற்பாளாக.

நிற்க. உன் அக்காள் உலகம்மை காலமான வருஷம், அவள் பெயரில் ஒரு தர்ம ஸ்தாபனம் வைத்து, "தாகம் என்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள் அத்தான்" என்று எழுதி மாதாமாதம் பணமும் அனுப்பினாய். நானும் வாசலில் ஓலைப் பந்தல் போட்டு, கிணற்றில் இறைக்க ஓர் ஆளையும் வைத்தேன். மூன்றாம் மாதம் அந்த ஆளை நிறுத்திவிட்டு நானே இறைக்க ஆரம்பித்தேன். சிக்கனம் என்று உனக்குக் காரணம் எழுதினேன். அது பொய். தண்ணீர் இறைக்கிற இடத்தில்தான் பேச்சு நடக்கிறது. குற்றாலத்தில் அத்தனை தண்ணீரும் பாறையில் விழுந்து சும்மா ஓடுகிறது. மூன்று மைல் தள்ளியிருக்கும் நம் மேட்டுத் தெருவுக்கு ஒரு குழாய் கிடையாது. அந்தத் தெருப் பெண்கள் நாற்பது பேர் காலையும் மாலையும் குடத்தோடு வருவார்கள். மாமியார் சண்டை, மாட்டுக்கு வந்த நோய், யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லாம் என் காது வழியாகத்தான் போகும். உன் அக்காள் போன பிறகு எனக்குப் பொழுது போனது அப்படித்தான்.

இதில் குறுக்கே வந்தவள் மாடத்தி என்கிற பெண்பிள்ளை. போன வருஷம் ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "ஐயா, இறைச்சு இறைச்சு ஒங்க கையும் காப்புக் காச்சிப் போச்சு, சொமந்து சொமந்து எங்க இடுப்பும் ஒடிஞ்சு போச்சு. இந்தத் தருமத் துட்டுல, எங்க தெருவுக்கு ஏன் கொழா வரலன்னு கேட்டு ஒரு மனு எழுதிப் போடப்பிடாதா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு மனுக்களை எப்படிக் கொல்வது என்று கற்றவன் நான். ஒரு மனுவைப் பிழைக்க வைக்கத் தெரியாதா? வீட்டுத் தீர்வை ரசீது உள்ள தெருவுக்குத்தான் குழாய் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியையே மாற்ற வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு எழுதி, சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு அனுப்பினேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், எனக்கு உப்பிட்ட இடம்.

ஆறு மாதமாகப் பதில் இல்லை. நேரே போய்ச் சத்தம் போட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். பயபக்தியோடு கோப்புக் கட்டை அவிழ்த்து மனுவைக் காட்டினான். "அண்ணாச்சி, ஒங்க உத்தரவுப்படிதான செஞ்சிருக்கேன்?" என்றான். மனுவின் மூலையில், என் சொந்தக் கையெழுத்தில், 'பார்த்தேன். கோப்பில் சேர்க்க. மு.கு.' என்று இருக்கிறது! அப்படி எழுதிவிட்டால் அந்தக் காகிதத்தின் மேல் இனி நடவடிக்கை கிடையாது என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷப் பழக்கம், மாப்பிள்ளை. ஓய்வு பெற்றது நான் மட்டும்தான். என் வலது கை இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது.

மாடத்தி ஏசுவாள் என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "போவட்டும் ஐயா. நீங்க எழுதுங்க, மூலைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். இரண்டாவது மனுவை நான் எழுதும்போது இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அதே தெருவில் தறி போட்டிருக்கிற ஒலி முகம்மதுவும் காவல் உட்கார்ந்தார்கள். கையெழுத்துப் போட்டதும் அவர் பேனாவைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு மேலதிகாரியைப் பார்க்கப் போனோம். பதினோரு பெண்கள், பதினோரு குடங்கள். குடத்துக்கும் டிக்கட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் மல்லுக்கு நின்றான். எடுத்தேன். "தண்ணீர் கொடுக்கச் சொன்னால் பஸ் டிக்கட் கொடுக்கிறீர்களே, இதென்ன தர்மம்?" என்று நீ கோபமாகக் கேட்டிருந்தாய். அன்று ஒலி முகம்மது பேசியதைக் கேட்டிருந்தால் நீ கேட்டிருக்க மாட்டாய். "பட்டா இல்லன்னு தீர்வை வாங்க மாட்டேங்காவ. தீர்வை ரசீது இல்லன்னு கொழா தர மாட்டேங்காவ. தாகம் மட்டும் ரசீது இல்லாம வருதே எசமான்" என்றார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகும் மூன்று தடவை நடந்தோம். குடியிருந்தால் போதும், ரசீது வேண்டாம் என்று விதி மாறியது. போன மாதம் மேட்டுத் தெருவுக்கு மட்டுமல்ல, நாங்கள் பார்த்தே இராத இன்னும் ஐந்து தெருக்களுக்கும் குழாய் வந்தது. நூறு வருஷம் இறைத்தாலும் நம் கிணற்றுத் தண்ணீர் அந்த ஐந்து தெருவுக்குப் போயிருக்காது.

நல்ல காரியம்தான். ஆனால் மறுநாள் காலை நான் வழக்கம்போல இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? மத்தியானம்வரை பார்த்துவிட்டு நானே ஒரு செம்பு மொண்டு குடித்தேன். இப்போது சாரல் காலம் வேறு. பந்தல் ஓலையில் சாரல் விழுகிற சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. நேற்று முழுக்க நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் தபால்காரரிடம், 'இல்லையா?' என்று. உண்மையைச் சொல்கிறேன், குற்றாலிங்கம்: அந்த முதல் மனுவின் மூலையில் எழுதியது பழக்க தோஷம்தானா, அல்லது குழாய் வரவேண்டாம் என்று என் மனசு எழுதியதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆகவே ஸ்தாபனத்தை மூடிவிடலாம். இனிப் பணம் அனுப்ப வேண்டாம். எனக்குப் பர்மிட்டுக்கு ஏற்பாடு செய்து, தனுஷ்கோடிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கி அனுப்பு. உன் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன்.

குழந்தைகளுக்கு முத்தங்கள். உன் மனைவிக்கு ஆசீர்வாதம். தீர்க்காயுசாய், குடும்ப விருத்தியாய் இருப்பீர்களாக.

இப்படிக்கு,
அத்தான் முத்துக்குமாரசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஆளரவம். மாடத்தி வந்திருக்கிறாள். இலஞ்சிப் பக்கத்துத் தெருவொன்றிலிருந்து ஏழு பெண்களையும் கூட்டி வந்திருக்கிறாள். அவர்கள் தெருவில் பிரசவம் பார்க்க நர்சம்மா வருவதில்லையாம். அதற்கும் ஒரு விதி இருக்கிறதாம். ஒலி முகம்மது பேனாவோடு பின்னால் வருகிறாராம். மாடத்தி இடுப்பில் ஒரு குடம். "எங்க கொழாத் தண்ணி ஐயா, குடிச்சுப் பாருங்க" என்று என் செம்பை வாங்கி மொண்டு கொடுத்தாள். உலகம்மை போன பிறகு இந்த வீட்டில் எனக்கு யாரும் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. குடித்தேன். கப்பல் சீட்டு வேண்டாம். இந்த மாதப் பணத்தைச் சற்றுச் சீக்கிரம் அனுப்பு, பஸ்ஸுக்கு வேண்டும். இந்தக் கடிதத்தின் மூலையில் 'பார்த்தேன். கோப்பில் சேர்க்க. மு.கு.' என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பழக்க தோஷம் இல்லை, அப்படியே செய்.