பாலம் என்ற பெயரில் எதுவும் இல்லை

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. பிறகு பெரிதாக ஒன்றும் செய்யாமல், எங்கள் முரன்டா நகரசபைக்குப் பொதுமேலாளராக ரஸ்ஸல் டரன்ட் வரும்வரை காத்திருந்தது.

குவீன்ஸ்லாந்து மழையில் எது உடைந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் படம்பிடித்துச் சபைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு வசவு. 'சாக்கடை மறுபடியும்', 'எங்கடா போனீங்க'. புகார்ப் பிரிவில் இருந்த எனக்கே படிக்கக் கூசும்.

"ஒரு கோப்புக்கு அபிப்பிராயம் இருக்கலாமா?" என்று கூட்டத்தில் கேட்டார் ரஸ்ஸல். "மக்களோட 'அந்தரங்கத்த'க் காப்பாத்தணும். எல்லாத்துக்கும் மொத்தமா பேர மாத்திடுவோம். கம்ப்யூட்டரே வாய்க்கு வந்த எழுத்தப் பொறுக்கி வைக்கட்டும்."

"அப்புறம் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, ரஸ்?" என்றேன்.

"முடியாது. அதுதான்யா பாதுகாப்பு!"

கைதட்டினோம். பொத்தானில் ஒரே அமுக்கு. 'சாக்கடை மறுபடியும்' என்பது 'q7zxk' ஆனது. ஊரின் சாக்கடைப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. லாமிங்டன் கேக் பரிமாறப்பட்டது.

அடுத்த வாரம் கரும்புத் தோட்டக்காரி கிளெனிஸ் பர்செல் சேற்று பூட்ஸோடு வந்து நின்றார்.

"ஓடைப் பாலத்துல விரிசல்னு படம் அனுப்பினேனே, என்னாச்சு கண்ணு?"

"கோப்போட பேரு?"

"'பாலம் விழப்போகுது'."

"அந்தப் பேர்ல எதுவும் இல்லையேம்மா."

"அப்ப பாலம் விழாதா?"

ரஸ்ஸல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பதிவுப்படி விழாது, கிளென்."

"அதுமேல நீ வண்டி ஓட்டுவியா?"

"நான் அந்தப் பக்கமே வர்றதில்லையே."

கிளெனிஸும் நானும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். செத்த கங்காரு ஒன்று வந்தது. யாருடைய கல்யாணமோ வந்தது. ரஸ்ஸல் மீன் பிடித்த படம் திரும்பத் திரும்ப வந்தது. பாலம் வரவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது. பாலம் போனது, கூடவே, வீட்டுக்குப் போக வேறு வழியில்லாத கிளெனிஸின் வண்டியும் போனது. அவருக்குக் கால் முறிந்தது.

விசாரணையில் ரஸ்ஸல் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"பாலம்ங்கிற பேர்ல எங்ககிட்ட ஒரு புகாரும் இல்லைங்க."

உண்மையின் முன் விசாரணை அதிகாரி தலைவணங்கினார். 'இயற்கையின் செயல்' என்று எழுதி முடித்தார்.

புதுப் பாலத் திறப்புவிழாவுக்கு கிளெனிஸ் ஊன்றுகோலோடு வந்திருந்தார். திரை விலகியது. பளிங்கில் மின்னியது 'ரஸ்ஸல் டரன்ட் பாலம்'.

"கல்லுலயே வெட்டிட்டியா, ரஸ்?"

"ஆமா கிளென். யாரும் பேர மாத்திடக் கூடாது பாரு."

"நல்லதாப் போச்சு," என்றார் கிளெனிஸ். "அடுத்த தடவ விழுந்தா, யாரப் பிடிக்கணும்னு தேட வேண்டியதில்ல."