ஐஸ் பெட்டிக்குள் போன தாலி

என் மூளை ஒரு சிட்டுக்குருவி. ஒரு கிளையில் உட்காராது. நாற்பத்து நான்கு வயதில்தான் ஒரு டாக்டர் அதற்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பெயர் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் அதன் பெயர் கிறுக்கு.

"இந்த மாத்திரை பசியை அடக்கிடும். மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் போடுங்க" என்றார் டாக்டர். "முட்டை, பருப்பு, ஏதாவது. சாப்பாடு இதைக் குணப்படுத்தாது லா. ஆனா பட்டினி கெடுத்துடும்."

எனக்கு ஆர்வம் பிடித்தால் பேய் பிடித்த மாதிரி. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். என்ன தின்றேன், கவனம் எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் அதில் ஏறும். முட்டையோடு நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு: ஒரு கவிதை முடிந்தது. ஆற்றி நுரைத்த தே தாரிக் டீ இரண்டு மட்டும்: மூன்று கவிதைகள் தொடங்கின, ஒன்றும் முடியவில்லை. வெறும் வயிறு: சாவி எங்கே? (காரணம் சோறா, தூக்கமா, அன்றைக்கு ஜன்னலில் கட்டியிருந்த மேகமா? எனக்கு இன்றும் தெரியாது.)

அந்த நேரம் பார்த்து அண்ணன் மகன் தினேஷுக்குக் கல்யாணம் வந்தது. வீடு கிள்ளானில், கோயில் மண்டபம் ஒரு மணி நேரம் தள்ளி பிரிக்பீல்ட்ஸில். தாலியைக் கொண்டுபோவது மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு. அண்ணன் அதை என்னிடம் கொடுத்தார்.

"இவகிட்டயா?" அண்ணி அலறினார். "போன தீபாவளிக்கு முறுக்கு மாவ லிப்ட்லயே விட்டுட்டு வந்தவ!"

"என் தங்கச்சிதான் கொண்டு வருவா. இந்த தடவ மறக்க மாட்டா."

அந்த ஒரு வாக்கியத்துக்காக என் உயிரைக் கொடுத்திருப்பேன். (தாலியை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலே போதும்.)

ராத்திரியெல்லாம் யோசித்தேன். கைப்பையை மறப்பேன், செருப்பை மறப்பேன். வாழ்க்கையில் நான் மறக்காத ஒரே பொருள் சோற்று டப்பா! ஆகவே தாலியைச் சின்ன சில்வர் டப்பா ஒன்றில் வைத்தேன். அதன் ஜோடி டப்பாவில் உரித்த முட்டை இரண்டு. ஏனென்றால் அண்ணி போட்ட சட்டம் அப்படி: தாலி ஏறும்வரை வீட்டார் யாரும் எதுவும் தின்னக் கூடாது. தாலி ஏறிய மறுநிமிடம் வெளியே ஓடிப்போய்த் தின்னத்தான் அந்த முட்டைகள். டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டு, கருப்புக் காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மண்டபத்தில் இறங்கியதும்தான் உறைத்தது. கோயில் மண்டபம், சுத்த சைவம்! ஒரு டப்பாவைச் சமையற்கட்டுக்குக் கடத்திப் போய், ஐஸ் பெட்டியில் தயிருக்குப் பின்னால் ஒளித்தேன். இன்னொன்றை மார்போடு அணைத்து, மகாராணி மாதிரி மேடையேறினேன்.

முகூர்த்த நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. குருக்கள் பயபக்தியோடு மூடியைத் திறந்தார்.

இரண்டு முட்டைகள். வெள்ளை வெளேரென்று, நேற்றுப் பிறந்த நிலாக்கள் மாதிரி.

குருக்கள் இரண்டடி பின்வாங்கினார். நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன், மெதுவாக.

"புரதம், அண்ணே."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார். அதுதான் வலித்தது. நான் ஓடினேன். சமையற்கட்டுக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். குளிர்ந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மல்லிகைச் சரங்களின் மேல் பனித்துளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி விளக்கு. என்ன அழகு! அங்கேயே நின்றேன்.

"அக்கா, ஐஸ் தண்ணி வேணுங்களா?" என்றார் தமிழ்நாட்டுச் சமையல்காரர்.

"இல்ல... நான் எதுக்கோ வந்தேன், அண்ணே."

அப்போது குருக்களின் மைக்கைப் பிடுங்கி மாப்பிள்ளையே அலறினான்: "அத்தே! தாலி! தாலி!"

தயிருக்குப் பின்னாலிருந்து தாலி வெளியே வந்தது. தட்டில் வைத்து ஆசிக்குச் சுற்றியபோது, தொட்ட கையெல்லாம் துள்ளியது. "ஐயோ, சில்லுன்னு இருக்கே!" கடைசி நிமிடத்தில் தினேஷ் கட்டினான். கழுத்தில் பட்டதும் மணப்பெண் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கிச் சிலிர்த்தாள். அந்தப் படம்தான் அவர்கள் வீட்டு ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் "எவ்ளோ வெக்கம் பாரு பொண்ணுக்கு" என்பார்கள். வீட்டார் என்னைப் பார்ப்பார்கள்.

அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: காலை, கருப்புக் காப்பி. கவனம், தயிருக்குப் பின்னால்.

இன்றுவரை நான் எந்த டப்பாவோடு போனாலும் "தங்கமா, முட்டையா?" என்றுதான் கதவு திறக்கும்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். தினேஷ் குழந்தைக்குப் பத்துமலையில் காது குத்து.

"தோடு நீதான் கொண்டு வரணும்."

போனைக் காதில் வைத்தபடியே நோட்டைத் தேடி எடுத்துத் தேதியைக் குறித்தேன்.

"ஆனா ஒண்ணு. காலைல வீடியோ கால் போடுவேன். ரெண்டு முட்டையும் உள்ள போறத என் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் நீ வீட்ட விட்டு எறங்குற."